கிழங்கா, பனையா?

பனங்கொட்டைகளைப் பாத்தியிலே அடுக்கி மண்ணால் மூடிவிட்டால், சில மாதங்களில் கிழங்கு கிடைக்கும். அவித்து உண்ணலாம், ஒடியலாக்கிப் பானையிலே சேர்த்து வைக்கலாம். அதே கொட்டையைப் பிடுங்காது விட்டு வைத்தாலோ, பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகள் சென்றாலும் அது காய்க்குமோ காய்க்காதோ என்று பார்த்திருக்க வேண்டியதுதான். காய்க்கத் தொடங்கிய பின்னரோ, நட்டவன் மறைந்தாலும் அவன் பேரப்பிள்ளைகளுக்கு நுங்கும் பழமும் ஓலையும் தந்துகொண்டே நிற்கும். கொட்டை ஒன்றே. கிழங்கையும் மரத்தையும் வேறாக்கியது இடையிலே சென்ற காலம். கிழங்கு உண்ணுதல் குற்றமன்று, அதுவும் வேண்டியதே. ஆயினும், எல்லாக் கொட்டைகளையும் கிழங்காகவே பிடுங்கித் தின்ற குடும்பத்துக்குத் தோப்பு இராது.

சென்ற கிழமை எமது கல்லூரியின் ஆசிரியர் அறையிலே இளம் ஆசிரியர் ஒருவர் எம்மிடம் வந்தார். “சேர், மகளுக்கு இப்ப ஏழு வயது. அவள் பல்கலைக்கழகம் போற நேரம் கையிலை காசு இருக்கவேணும். மாதம் மாதம் யூனிட் டிரஸ்டிலை போடச் சொல்லுகினம். போடலாமோ?” என்று கேட்டார். ஆம் என்றோ அன்று என்றோ ஒரு சொல்லில் விடை கூற எம்மால் இயலவில்லை. ஏனெனில், இப்பாடத்தை நாம் புத்தகத்தில் மாத்திரம் படித்தோமல்லோம்; எம் சொந்தப் பணத்தையே கட்டணமாகச் செலுத்திப் படித்தவர்கள். அவருக்குக் கூறியவற்றை ஒழுங்குபடுத்தி இவ்வாரம் வாசகர்களுக்கும் கூறுகின்றோம்.

யூனிட் டிரஸ்ட் என்பது யாது? இந்தியாவிலே இதனைப் பரஸ்பர நிதி என்பர்; நம் நாட்டிலே கூறு நம்பிக்கைப் பொறுப்பு என்று எழுதுவர். பலருடைய சிறு தொகைகளை ஒன்றாகத் திரட்டி, அப்பெருந்தொகையைக் கொண்டு பல கம்பனிகளின் பங்குகளையும், அரசாங்கத்தின் கடன் பத்திரங்களையும் வாங்கி, வரும் ஊதியத்தையும் நட்டத்தையும் அவரவர் இட்ட தொகைக்கு ஏற்பப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடே அது. இஃது இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1774ஆம் ஆண்டிலே அம்ஸ்ரடாம் நகரில் வான் கெட்விக் என்னும் வணிகர் இத்தகைய நிதியம் ஒன்றை அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள் ‘ஒற்றுமை வலிமை தரும்’ என்பதாகும். 1924இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலும், 1964இல் இந்தியாவிலும் இம்முறை புது வடிவுடன் எழுந்தது. இலங்கையில் 1991 முதல் நடைபெற்று வருகின்றது.

எம்மவர்க்குச் சீட்டுப் பிடித்தல் புதிதன்று. இருபது பேர் சேர்ந்து மாதந்தோறும் பணம் கட்டி, முறைவைத்து எடுக்கின்றார்கள். மாதம் தவறாது கட்டும் நல்வழக்கத்தை அது கற்பிக்கின்றது. ஆனால், சீட்டிலே பணம் கைமாறுகின்றதேயன்றி வளர்வதில்லை. சீட்டைப் பிடிப்பவர் நேர்மை தவறினால் கேட்பாரும் இல்லை. யூனிட் டிரஸ்டில் முதலீட்டைத் தெரிவு செய்பவர் ஒருவர்; பொருளைத் தம் காவலில் வைத்திருக்கும் பொறுப்பாளர் வேறொருவர். இருவர்க்கும் மேலாகப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு கண்காணிக்கின்றது. ஆயினும், இது வங்கியில் இடும் வைப்பு அன்று. கூறு ஒன்றின் விலை ஏறும், இறங்கும். இட்ட முதலும் குறையக்கூடும். இதனை மறைத்துப் பேசுபவர் எவராயினும் அவர் சொல்லைக் கேளாதிருப்பதே நன்று.

இனிக் கணக்குக்கு வருவோம். ‘மாதம் எவ்வளவு போடலாம்’ என்பது முதற் கேள்வியன்று. ‘எதற்காக, எப்பொழுது, எவ்வளவு வேண்டும்’ என்பதே முதற் கேள்வி. இளம் ஆசிரியரின் மகளுக்கு வயது ஏழு; பத்தொன்பது வயதிலே பணம் வேண்டும். ஆகவே, கையிலுள்ள காலம் 12 ஆண்டு. அப்படிப்பு இன்றைய விலையில் 20 இலட்சம் ரூபா ஆகுமென்று கொள்வோம். விலைவாசி ஆண்டுதோறும் நூற்றுக்கு 6 வீதம் உயருமாயின் எத்தனை ஆண்டில் இருமடங்காகும்? மாணவர்கள் மனத்திற் பதிக்கத்தக்க எளிய விதி ஒன்றுண்டு: 72ஐ அவ்வீதத்தால் வகுத்தால் ஆண்டு கிடைக்கும். 72ஐ 6 ஆல் வகுக்க 12. எனவே, அப்பிள்ளை கல்லூரி வாயிலை விட்டு வெளியேறும் நாளில் தேவைப்படுவது 20 இலட்சமன்று, 40 இலட்சம்.

வட்டியோ ஊதியமோ இன்றி, உண்டியலில் இடுவது போல இட்டால் மாதம் 27,800 ரூபா வரையில் வேண்டும். ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வீதம் வளர்ச்சி கிடைக்குமெனக் கொண்டால் ஏறக்குறைய 14,500 ரூபா போதும். ‘பிறகு பார்ப்போம்’ என்று ஆறு ஆண்டு கழித்துத் தொடங்கினாலோ, அதே வளர்ச்சியிலும் மாதம் 40,800 ரூபா வேண்டியிருக்கும். காலம் பாதியாகக் குறைந்தது. சுமையோ மூன்று மடங்கை நெருங்கிவிட்டது. இந்த 10 வீதம் எவரும் தந்த வாக்குறுதியன்று. கணக்குக்காக நாம் கொண்ட அளவு. கூடவும் கூடும், குறையவும் கூடும்.

14,500 என்றதும் அவ்விளைஞரின் முகம் வாடிற்று. “சேர், ஐயாயிரத்துக்கு மேலை ஏலாது,” என்றார். ஐயாயிரமும் அற்பமன்று. மாதம் 5,000 ரூபா அதே 10 வீதத்தில் பத்தாண்டில் ஏறக்குறைய 10 இலட்சத்து 24 ஆயிரமாகும். இருபது ஆண்டில் 20 இலட்சமாகுமென்று எண்ணவேண்டா. ஏறக்குறைய 38 இலட்சமாகும். இட்ட முதல் 12 இலட்சம் மாத்திரமே. முதற் பத்தாண்டிலே பனை வேர் விடுகின்றது, பிற்பத்தாண்டிலே காய்க்கின்றது. எனினும், இருபது ஆண்டின் பின்னர் வரும் 38 இலட்சத்துக்கு, 6 வீத விலையேற்றத்தின் பின்னர், இன்றைய 12 இலட்சத்தின் வலிமையே இருக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஆகையால், சம்பளம் உயரும் ஒவ்வோராண்டும் மாதத் தொகையையும் உயர்த்துதல் அவசியம். 5,000 என்று தொடங்கியவர் இருபதாம் ஆண்டிலும் 5,000 என்றே நிற்பாராயின் அவர் உண்மையிற் குறைத்துக்கொண்டே வருகின்றார்.

இனி எமது கதை. 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே கொழும்புப் பங்குச் சந்தை விரைந்து ஏறிற்று. ஆசிரியர் அறையிலும் கலியாண வீட்டிலும் அதே பேச்சு. எம் மூத்த மகளின் மேற்படிப்புக்கென்று பல ஆண்டுகளாக வங்கியிலே சேர்த்த பணம் அனைத்தையும் எடுத்து, 2022 தை மாதத்தில், பங்குகளை வாங்கும் நிதியம் ஒன்றிலே ஒரே நாளில் இட்டோம். அவள் பல்கலைக்கழகம் செல்ல ஒன்றரை ஆண்டே இருந்தது. அம்மாதமே சந்தையின் சுட்டெண் 13,000ஐத் தாண்டிற்று. நாமும் எம்மை நாமே மெச்சிக்கொண்டோம்.

பின்னர் நடந்ததை வாசகர் அறிவர். எரிபொருளுக்கு வரிசை, இருளிலே இரவு. அவ்வாண்டு சித்திரையிலே நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நகர விலைவாசி, முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 69.8 வீதம் உயர்ந்திருந்தது. உணவுப் பொருள் விலையோ ஏறக்குறைய இருமடங்கு. வீட்டுச் செலவுக்குக் கைவசம் வேறு சேமிப்பு இல்லை. ஆண்டின் நடுப்பகுதியிலே, இட்ட பத்து ரூபாவுக்கு ஆறு ரூபா வீதம் பெற்றுக்கொண்டு வெளியேறினோம். மகளின் படிப்புக்கு நேரம் வந்தபோது எம் இல்லாளின் காப்புகள் இரண்டு அடகு வைக்கப்பட்டன.

எம் இல்லாளும் ஆசிரியை. அதே தை மாதத்தில், அதே நிதியத்தில், தம் சம்பளத்திலிருந்து மாதம் 5,000 ரூபா இடத் தொடங்கியவர் அவர். நாம் விற்ற நாளில், “நீரும் நிற்பாட்டும்,” என்று கூறினோம். அவர், “இஞ்சருங்கோ, திருநெல்வேலிச் சந்தையிலை கத்தரிக்காய் மலிஞ்சால் ரண்டு கிலோ கூட வாங்கிவாறியள். உது மலிஞ்ச நேரம் ஏன் விக்கிறியள்?” என்று கேட்டார். விடை கூறாது சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே சென்றோம்.

அவர் வினாவின் உட்பொருளை எண்களால் விளக்குவோம். கூறு ஒன்றின் விலை ஐந்து மாதங்களில் 20, 16, 10, 12.50, மீண்டும் 20 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 இடுபவர்க்கு முறையே 250, 312.5, 500, 400, 250 கூறுகள் கிடைக்கும். மொத்தம் 1,712.5 கூறுகள், இட்டது 25,000 ரூபா. கூறொன்று 14 ரூபா 60 சதத்துக்கு விழுந்திருக்கின்றது. விலை தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. ஆயினும், அவர் கையில் இருப்பது 34,250 ரூபா. முதல் மாதத்தில் 25,000ஐயும் ஒருங்கே இட்டவர்க்கோ அதே 25,000தான். விலை மலிந்த மாதத்தில் அதிகக் கூறுகள் தாமாகவே வந்து சேர்தலே இதன் இரகசியம். ஆனால், விலை பத்து ரூபாவிலேயே தங்கிவிட்டால் இம்முறையும் நட்டத்தைத் தடுக்கமாட்டாது. சந்தை மீண்டெழக் காலம் வேண்டும். 2021 முடிவில் 12,200க்கு மேலிருந்த சுட்டெண் 2022 முடிவில் 8,500க்கும் கீழே வந்தது. 2023 முடிவில் 10,600ஐத் தாண்டிற்று. 2024 முடிவிலே 15,900க்கு மேல் நின்றது. உச்சியில் ஒருங்கே இட்டவர்கள் ஏறக்குறைய மூன்றாண்டு பொறுக்க வேண்டியிருந்தது. மகளின் படிப்பு மூன்றாண்டு பொறுக்குமோ? பொறாது. எனவே, எம் பிழை சந்தையில் இட்டதன்று. ஒன்றரை ஆண்டில் வேண்டிய பணத்தை அங்கே இட்டதும், கைவசம் ஒன்றும் வையாது இட்டதுமேயாம்.

இதிலிருந்து பெறப்படும் ஒழுங்கு வருமாறு. முதலாவது, அதிக வட்டிக் கடனையும் அடகையும் தீர்த்தல் வேண்டும். அடகு வட்டியைக் கட்டிக்கொண்டு பங்கிலே ஊதியம் தேடுதல் ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளுதலாகும். இரண்டாவது, ஆறு மாதச் செலவுக்குரிய பணம் எந்நேரமும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் இருத்தல் வேண்டும். அதன் பின்னரே நிதியம். மூன்று ஆண்டுக்குள் வேண்டிய பணத்தை வைப்பிலோ குறுங்காலக் கடன் பத்திர நிதியத்திலோ வைக்கலாம். மூன்று முதல் ஏழாண்டு வரையில் பங்கும் கடன் பத்திரமும் கலந்த நிதியம் தகும். அதற்கும் மேற்பட்ட காலமாயின் பங்கு நிதியத்துக்குப் பெரும் பகுதி கொடுக்கலாம். குறித்த நாள் நெருங்க நெருங்க, கடைசி மூன்றாண்டில் சிறிது சிறிதாகப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிடுதல் இன்றியமையாதது. நாம் செய்யத் தவறியது இதனையே.

நிருவாகக் கட்டணத்தையும் கேட்டறிதல் வேண்டும். நூற்றுக்கு ஒன்றரை வீதந்தானே என்று அசட்டையாக விடலாகாது. மேற்கூறிய 5,000 ரூபா 10 வீதத்துக்குப் பதிலாக எட்டரை வீதத்தில் வளர்ந்தால், இருபதாண்டு முடிவில் ஆறரை இலட்சத்துக்கு மேற் குறையும். ஆளைச் சேர்த்தால் பணம் தருவோம் என்று வருபவர்களின் திட்டங்கள் முதலீடே அல்ல. அத்தகைய பிரமிட் திட்டங்கள் நம் வங்கித்தொழிற் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டவை. எந்த நிதியமாயினும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்றதா என்று விசாரித்த பின்னரே கையொப்பம் இடுக.

மாதச் செலவு போக எஞ்சியதைச் சேமிப்போம் என்பவர்க்கு எதுவும் எஞ்சுவதில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியைப் பாருங்கள். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம், அவர் கையைத் தொடுமுன்னரே கழிக்கப்படுகின்றது; தொழில்கொள்வோர் 12 வீதம் சேர்க்கின்றார். கையைத் தொடாத பணத்தை மனம் தேடுவதில்லை. சம்பளம் வந்த மறுநாளே வங்கிக் கணக்கிலிருந்து தொகை தானாகச் செல்லும்படி எழுதிக் கொடுத்துவிடுதல் நன்று. வள்ளுவர், வரவு சிறிதாயிருத்தலைப் பெருங் கேடாகக் கருதவில்லை. செலவு அதனை மீறாதிருத்தலையே வலியுறுத்தினார். அக்கருத்தை அவர் பொருள் செயல்வகையில் வையாது வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தமை சிந்திக்கத்தக்கது. தன் சம்பளத்தின் வலிமையை அறிதலும் ஒருவன் தன்னை அறிதலேயாம்.

அவ்விளம் ஆசிரியர் அடுத்த சம்பளத்திலிருந்து 5,000 ரூபாவுடன் தொடங்குவதாகவும், அதற்கு முன்னர் தம் மனைவியின் சங்கிலியை அடகிலிருந்து மீட்பதாகவும் கூறிச் சென்றார். ஒழுங்கு சரியானதே.

எம் வீட்டிலே காப்புகளும் 2024இல் மீண்டன. நாமும் 2023 முதல் மாதம் 5,000 ரூபா இட்டு வருகின்றோம். இம்முறை இளைய மகனுக்காக. அவனுக்கு இன்னும் எட்டு ஆண்டு உண்டு. எம் கணக்கு இல்லாளின் கணக்கை இன்னும் எட்டவில்லை. மாதந்தோறும் வரும் கணக்குத் தாளை அவர் எமக்கு முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாது அடுப்படிக்குப் போகின்றார்.