அம்மீட்டரை நம்புறதுக்கு முன்னாடி ஒரு தராசு

ஒரு ஆம்பியர்னா என்ன? கூகுள் பண்ணாம சொல்லுங்க பார்ப்போம்.

ஃபர்ஸ்ட் இயர் வைவாவில் என்கிட்ட இதைக் கேட்டாங்க. முடிவில்லாத நீளமுள்ள இரண்டு இணைக் கம்பிகள், வெற்றிடத்தில் ஒரு மீட்டர் இடைவெளி, மீட்டருக்கு 2 × 10⁻⁷ நியூட்டன் விசை என்று ஸ்கூலில் இங்கிலீஷில் மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். முழு மார்க். அந்த வரையறை 2019 மே 20-ஆம் தேதியே காலாவதி ஆகிடுச்சுன்னு எனக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது போல. அதைவிட மோசம், ‘விசை’ என்று வாய் சொன்னதே தவிர, கரண்டை எடை போட முடியும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி ஹாஸ்டல் ரூமில் செஞ்சு பார்த்தேன். 0.01 கிராம் வரை காட்டும் குட்டி டிஜிட்டல் தராசு. அது மேல ஒரு தெர்மாகோல் துண்டு (காந்தம் தராசைக் குழப்பாம இருக்க), அது மேல எதிரெதிரா நிற்கும் இரண்டு காந்தம். இரண்டு புத்தக அடுக்குக்கு நடுவே ஒரு கம்பியை இழுத்து டேப் போட்டு, காந்த இடைவெளி வழியா விட்டேன். 1 ஆம்பியருக்கு தராசு 0.21 கிராம் கூடுதலா காட்டுச்சு. 2 ஆம்பியருக்கு 0.42. வயரை மாற்றிப் போட்டா மைனஸ் 0.41. ரூம்மேட் எழுந்து, "இந்த நேரத்துல என்னடா எடை போடுற?"ன்னு கேட்டான். கரண்டுன்னு சொன்னேன். திரும்பிப் படுத்துட்டான்.

இதில் ஒரு ஓட்டை இருக்கு. காந்தத்தின் வலிமை எனக்குத் தெரியாது. அதை அளக்க ஒரு மீட்டர் வாங்கினா, அம்மீட்டரை நம்பின மாதிரி இன்னொரு டப்பாவை நம்பணும். பழைய ஆம்பியர் தராசுகளில் காந்தமே கிடையாது, கம்பியை கம்பிதான் தள்ளும். 30 சென்டிமீட்டர் கம்பி இரண்டு, 1 சென்டிமீட்டர் இடைவெளி, 10 ஆம்பியர்: விசை சுமார் 60 மில்லிகிராம் எடைக்குச் சமம், மூணு அரிசி மணி அளவு. ஆனா இடைவெளியை அளப்பதில் கொஞ்சம் தப்பினாலும் விடையும் தப்பிடும்.

1975-இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பிரையன் கிபிள் இதுக்கு வழி சொன்னார். முதலில் காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் கரண்ட் விட்டு ஒரு எடையைத் தாங்க வைங்க. எடை = புலம் × நீளம் × கரண்ட். பிறகு எடையை எடுத்துட்டு, அதே சுருளை அதே காந்தத்துக்குள் சீரான வேகத்தில் நகர்த்துங்க. வரும் வோல்டேஜ் = புலம் × நீளம் × வேகம். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் புலமும் நீளமும் அடிபட்டுப் போயிடும். தெரியாததை அளக்காமலே கழட்டி விட்டுட்டார்! நாலு வருஷத்தில் நான் படிச்சதிலேயே அழகான இரண்டு சமன்பாடு இதுதான், எங்க சிலபஸில் இல்லை.

2019-இல் எல்லாம் தலைகீழ் ஆச்சு. எலக்ட்ரான் மின்னூட்டத்தை 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று நிலையா வச்சு ஆம்பியரையும், பிளாங்க் மாறிலியை நிலையா வச்சு கிலோகிராமையும் வரையறுத்தாங்க. எடையை வச்சு கரண்டை அளந்த தராசு, இப்போ கரண்டையும் வோல்டேஜையும் வச்சு நிறையை அளக்குது. பாரிஸ் பக்கத்தில் 1889 முதல் ‘கிலோகிராம்’ ஆக இருந்த உலோக உருளைக்கு ஓய்வு. அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வாளர்கள் லெகோ துண்டுகளில் ஒரு கிபிள் தராசு கட்டி, ஒரு சதவீதத் துல்லியம் வரை கொண்டு வந்தாங்க. அதனால ‘ஃபண்ட் இல்லை’ன்னு யாரும் சொல்லாதீங்க.

நம்ம லேபில் உண்மையில் என்ன நடக்குது? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுறோம். எல்லாப் புள்ளியும் கோட்டிலேயே உட்காரும். நானும் எழுதியிருக்கேன், வெட்கமாத்தான் இருக்கு. 1798-இல் ஹென்றி கேவண்டிஷ் முறுக்குத் தராசில், சுமார் 158 கிலோ ஈயக் குண்டுகள் சின்னக் குண்டுகளை இழுப்பதை அளந்தார். காற்று அசையக் கூடாதுன்னு அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கி வழியா பார்த்தார். பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல 5.48 மடங்கு என்று வெளியிட்டார். அவர் ரீடிங்குகளின் சரியான சராசரி 5.448. கூட்டிப் பார்த்ததில் தப்பு! பின்னாடி ஃபிரான்சிஸ் பெய்லி அதைக் கண்டுபிடிச்சார். கேவண்டிஷ் ஒவ்வொரு ரீடிங்கையும் அப்படியே அச்சிட்டிருந்ததால்தான் அது முடிஞ்சது. (இன்றைய மதிப்பு 5.51.) நம்ம ரெக்கார்டில் ஒரு தப்பை யாராவது அப்படித் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

டிபார்ட்மென்ட்டுக்கு ஒரே கோரிக்கை. ஃபர்ஸ்ட் இயர் லேபில் ஏதாவது ஒரு எக்ஸ்பெரிமென்ட்டை எடுத்துட்டு கரண்ட் தராசை வைங்க. மாணவங்களே கட்டட்டும். விடை இருபது சதவீதம் தப்பா வந்தாலும் மார்க் கொடுங்க, ஏன் தப்பு வந்ததுன்னு எழுதினா இன்னும் கொடுங்க.

ஜூனியர்ஸ், அந்த செட்டப் இன்னும் என் ரூமில்தான் இருக்கு. ஏப்ரலுக்குள்ள வந்து எடுத்துக்கோங்க. காந்தத்தைக் கையாளும்போது மட்டும் விரல் பத்திரம்.