பிசினுக்குள் ஒரு பூச்சியும் நம் பிள்ளைகளின் கேள்வியும்

தியானப் பகுதி: ஆதியாகமம் 2:19, 20; யோபு 38:25-27



 இந்த வாரம் மிகச் சிறிய ஒரு சிருஷ்டியைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அது ஓர் அந்துப்பூச்சி. லெபனோன் தேசத்தில், கல்லைப்போல் இறுகிய மரப்பிசினுக்குள் அடங்கிக் கிடைத்தது. மண்ணில் புதைந்து நெடுங்காலம் இறுகிய அத்தகைய பிசினை அம்பர் என்பார்கள். எசேக்கியேல் தன் முதல் தரிசனத்தில் கண்ட பிரகாசத்தை நம் தமிழ் வேதாகமம் ‘சொகுசா’ என்று பெயர்த்திருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் உள்ள சொல் அம்பரையும் குறிக்கும்.

அந்தப் பூச்சியைப் புதிய இனமென்று 1978-ஆம் ஆண்டில் விவரித்தவர் பால் வாலி என்னும் பூச்சியியல் அறிஞர். அவர் அதற்குப் பாராசபாட்டிங்கா அஃப்டிமாக்ராய் என்று பெயரிட்டார். லெபனோனின் அம்பரை அரும்பாடுபட்டுச் சேகரித்த அஃப்டிம் ஆக்ரா என்பவரின் பெயர் அதனால் நிலைத்தது. அந்த அம்பரின் வயது 12 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிகள் இன்றும் உலகில் உயிரோடிருக்கின்றன. மற்ற அந்துப்பூச்சிகளுக்குள்ள தேன் உறிஞ்சும் குழல் அவற்றுக்கு இல்லை. மகரந்தத்தை மெல்லும் தாடைகளே உண்டு.

லெபனோன் தூரமென்று எண்ணவேண்டாம். நம் நாட்டில் குஜராத் மாநிலத்துச் சூரத் மாவட்டப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களிலும் அம்பர் கிடைக்கிறது. அதற்குள் அடங்கிய 700-க்கும் மேற்பட்ட பூச்சிகளையும் சிலந்திகளையும் குறித்து, லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தாரும் ஜெர்மனி, அமெரிக்க அறிஞரும் சேர்ந்து 2010-இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அவை ஏறக்குறைய 5 கோடி ஆண்டுப் பழமையுள்ளவை. அந்தப் பிசினைச் சொரிந்தவை நம் குங்கிலிய மரத்தின் குடும்பத்து மரங்களே. அது சில திரவங்களில் கரையக்கூடியதாதலால், பூச்சியை முழுமையாகவே வெளியே எடுக்க முடிந்ததாம். இன்னும் அருகே வருவோமானால், நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலேயே ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. நம்மில் பலர் அவற்றைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறோம்.

இங்கேதான் நம் பிள்ளைகளின் கேள்வி எழும்புகிறது. மரக்காணத்து உப்பளங்களில் பெற்றோர் வெயிலில் நின்று வாரிய உப்பினால் படித்து, தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்கள். “ஐயா, கோடி ஆண்டுகள் என்று பாடத்தில் வாசிக்கிறோம், வேதத்தை என்ன செய்வது?” என்று அவர்கள் கேட்கிறார்கள். “புத்தகத்தை மூடு, வேதத்தைத் திற” என்று பதில் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய பக்திவைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பதில் தவறானது என்பதே என் கருத்து. கல்லையா வேதத்தையா என்று தெரிந்துகொள்ளச் சொன்னால், சில பிள்ளைகள் வேதத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களைத் துரத்தினது விஞ்ஞானம் என்று நாம் சொல்லிக்கொள்வோம். துரத்தினது நாமாகவே இருப்போம்.

ஏதேனில் ஆதாமுக்குத் தேவன் ஒப்புவித்த வேலைகளில் ஒன்று எதுவென்று நினைத்துப் பாருங்கள். அவர் ஜீவஜந்துக்களை அவனிடத்தில் கொண்டுவந்தார். அவன் என்ன பேரிடுவான் என்று பார்த்தார். பேரிடுவதற்கு முன் ஒன்றை ஊன்றிப் பார்க்கவேண்டும். புதிய இனத்தை விவரிப்பவரும் அதையே செய்கிறார். அம்பரைத் தேய்த்து மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, சிறகின் நரம்புகள் எங்கே கிளைக்கின்றன, உணர்கொம்பு எத்தனை கணுக்கள் கொண்டது, செதில்கள் எவ்வாறு படிந்துள்ளன என்று பார்த்து வரைகிறார். ஏற்கெனவே அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிடுகிறார். வேறுபாடு உண்டென்று காட்டினால் மட்டுமே புதிய பெயர். அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரியை, ஐயமுள்ள எவரும் வந்து சோதிக்கும்படி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள். பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கற்பனையை ஒரு பூச்சியின் விஷயத்திலும் கைக்கொள்ளும் முயற்சியாகவே நான் இதைக் காண்கிறேன். தம் கைகளைத் தோமாவுக்குக் காண்பித்த ஆண்டவரின் சீஷர்கள் இதைக் கண்டு ஏன் அஞ்சவேண்டும்?

நம்முடைய இதே கடற்கரையில், தரங்கம்பாடியில், கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் என்னும் மிஷனெரி 18-ஆம் நூற்றாண்டில் ஊழியம் செய்தார். பிரசங்கித்தார், பள்ளிகளைப் பேணினார், மீன்களையும் பாம்புகளையும் சேகரித்து ஐரோப்பிய அறிஞருக்கு அனுப்பினார். நாம் மண்ணுளிப் பாம்பு என்றழைக்கும் இனத்தின் அறிவியல் பெயர் இன்றுவரை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவருக்குப் பிரசங்க பீடமும் சேகரிப்புப் பெட்டியும் ஒரே தேவனுக்குரியவையாயிருந்தன.

“இத்தனை கோடி ஆண்டுகள் தேவனுக்கு ஏன் தேவைப்பட்டன?” என்றும் கேட்கலாம். யோபுக்குக் கர்த்தர் கொடுத்த மறுமொழியை வாசியுங்கள். மனுஷர் குடியில்லாத வனாந்தரத்தில் மழையைப் பெய்யப்பண்ணி, அங்கே இளம்பூண்டுகளை முளைக்கச் செய்கிறவர் யார் என்று அவர் வினவுகிறார். பார்க்க ஒரு மனிதக் கண்ணும் இல்லாத இடத்தில் அவருடைய கிரியை நிறைவாக நடக்கிறது. லெபனோனின் அந்தச் சிறு பூச்சி மகரந்தத்தை மென்ற நாளில், அதைக் கண்டு வியக்க மனிதன் இல்லை, தேவன் இருந்தார். சகலமும் நமக்காகவே உண்டாயிற்று என்னும் நம் பெருமையை அது தாழ்த்துகிறது. தலைமயிரையும் எண்ணுகிறவர் எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறார் என்பதையும் அது காட்டுகிறது.

ஆறு நாட்களை இருபத்துநான்கு மணிநேர நாட்களாகவே விசுவாசிக்கும் சகோதரர் நம் சபையில் உண்டு. அவர்களோடு ஒரே அப்பத்தில் பங்குபெறுவது என் பாக்கியம். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நாம் ஆராயாத காரியத்தில் ஆராய்ந்தவரைப் பொய்யரென்று சொல்லாதிருப்போம். இயற்கையைக் குறித்து அறியாமல் பேசி, அவிசுவாசிகள் வேதத்தையே நகைக்கும்படி செய்யவேண்டாமென்று 1,600 ஆண்டுகளுக்கு முன்பே அகுஸ்தீன், ஆதியாகம விளக்கவுரையில் எச்சரித்திருக்கிறார். மண் கலந்த உப்புக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாய் அறிவீர்கள். பூமிக்கு உப்பாயிருக்க அழைக்கப்பட்ட நம் சாட்சியில் அப்படிப்பட்ட கலப்பு வேண்டாம்.

பெற்றோரே, இந்த வாரம் உங்கள் பிள்ளையின் பாடப்புத்தகத்தை வாங்கி, அவன் கேட்கும் பக்கத்தை அவனோடு அமர்ந்து வாசியுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாதென்று சொல்லுங்கள். பிறகு சேர்ந்து ஜெபியுங்கள். வாலிபரே, உங்கள் கேள்விகளோடு ஆலயத்திற்கு வாருங்கள். அவற்றை வாசலில் கழற்றிவைக்கத் தேவையில்லை.

ஜெபம்: சிறியதையும் மறவாத எங்கள் பிதாவே, உமது கிரியைகளை உண்மையோடு பார்க்கும் கண்களையும், எங்கள் பிள்ளைகளுக்குப் பொறுமையோடு செவிகொடுக்கும் இருதயத்தையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.