மூன்றெழுத்தும் முப்பது அர்த்தமும்

மத்திய அரசுப் பணியில் காலம் தள்ளிய என் போன்றோருக்கு சி.சி.ஏ. என்றால் சம்பளச் சீட்டில் ஒரு வரி: நகர ஈட்டுப்படி. பெரிய நகரத்து விலைவாசிக்கு அரசு தந்த சின்ன ஆறுதல். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2008-இல் அது நின்றுபோனது. எழுத்துகள் மட்டும் பிழைத்துக்கொண்டு வேறு வீடுகளில் குடியேறியிருக்கின்றன.

கார் பாட்டரியின் மேல் சி.சி.ஏ. 400 என்றிருந்தால், பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரிக் குளிரிலும் 12 வோல்ட் பாட்டரி 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 வினாடி 400 ஆம்பியர் தரும் என்று பொருள். தில்லி அவ்வளவு குளிராது; ஆனாலும் இஞ்சினைக் கிளப்பும் வலுவை ஒப்பிட உதவும் எண்தான்.

மின்கம்பியில் அதே எழுத்துகள் வந்தால் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. மின்சாரம் கடத்துவதில் அது செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். டி.வி. கேபிளுக்குப் பாதகமில்லை. வீட்டு ஒயரிங்கில் செம்பு என்று நினைத்து அதைப் போட்டால், கீஸர் ஓடும்போது சூடேறும். கடைக்காரர் "சி.சி.ஏ. சார், நல்ல மால்" என்பார். பொய் சொல்லவில்லை, விரித்துச் சொல்லவில்லை, அவ்வளவே.

மரத்தில்தான் விஷயம் விபரீதம். 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொண்டி காமேசம் என்ற நம் நாட்டு விஞ்ஞானி கண்ட மருந்து அது. செம்பு பூஞ்சையைத் தடுக்கும். ஆர்சனிக் கரையானைக் கொல்லும். குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து வைக்கும். உலகமெங்கும் கம்பங்களும் வேலிகளும் இதனால் பல பத்தாண்டுகள் நின்றன. பெருமைப்பட வேண்டிய கண்டுபிடிப்பே. ஆனால் அந்த மரத்தை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு இதைப் போடுவதை 2003 இறுதியோடு உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். புதிதில் பச்சை சாயல் தெரியும். வெயிலில் வெளுத்தபின் சாதாரண மரம் போலவே இருக்கும். (ரயில்வேயின் பழைய மரச் சிலிப்பர்கள் வேறு ரகம். அவற்றுக்குப் போட்டது கிரியோசோட் என்ற தார் எண்ணெய். அதுவும் அடுப்புக்கு ஆகாது.)

சுருக்கெழுத்து ஒரு இலாகாவுக்குள் இருக்கும்வரை சௌகரியம். எல்லோருக்கும் ஒரே அர்த்தம் தெரியும். கடைத்தெருவுக்கு வந்துவிட்டால் முழுப்பெயரையும் கூடவே எழுதத்தான் வேண்டும் என்பது என் கட்சி. மூன்றெழுத்து மட்டும் அச்சிட்ட பொருளை, விரிவு கேட்காமல் நான் வாங்குவதில்லை. கடைக்காரர் முகம் சுளிக்கட்டும்.

போகிக்கும் லோரிக்கும் காலனிப் பிள்ளைகள் பழைய மரம் சேர்க்கக் கிளம்புவார்கள். வேலிக்கட்டை, கம்பத்துண்டு, பழைய சிலிப்பர் எதுவும் நெருப்புக்குப் போகாமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கிழிந்த பாயும் சுள்ளியும் போதும்.