சவுரி விற்கும் கடைக்குப் பொறுப்பு இல்லையா?



ஆவணி பிறந்துவிட்டால் முகூர்த்த வியாபாரம் தொடங்கிவிடும். வாலாஜா, இராணிப்பேட்டை, ஆற்காடு வட்டாரக் கடைகளில் மஞ்சள், குங்குமத்தோடு சவுரியும் குஞ்சலமும் ஹேர்பின்னும் விற்பது என்றும் உள்ள வழக்கம்தான். சமீப ஆண்டுகளில் அந்த வரிசையில் கிளிப் வைத்த ஒட்டு முடியும், முடியை ஒட்டுவதற்கென்று சிறு புட்டியில் வரும் கறுப்புப் பசையும் சேர்ந்துகொண்டன. பேன்சி ஸ்டோரில் மட்டும் என்றில்லை, மளிகைக் கடையிலும் ஷாம்புச் சரத்துக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. லாபம் நன்றாகவே நிற்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கூடவே வரும் புகார்களைப் பற்றி நாம் யாரும் வாய் திறப்பதில்லை.

கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் பெண்ணின் தாயார் கடைக்கு வருகிறார். ஒட்டு முடியைக் கழற்றும்போது சொந்த முடியும் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது என்கிறார். கடைக்காரர் பியூட்டி பார்லரைக் கை காட்டுகிறார். பார்லர் அம்மா, சரக்கு மட்டம் என்று கடையைக் கை காட்டுகிறார். "நாம் விற்பது பாக்கெட், அதைத் தலையில் வைப்பது நம் வேலையா?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். இந்தப் பேச்சு நமக்கு உடன்பாடு இல்லை.

நம் வீட்டுப் பெரியவர்களும் சவுரி வைத்தவர்கள்தான். அவர்களுக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? மூன்று கால் சவுரியைச் சொந்த முடியோடு சேர்த்துப் பின்னுவார்கள். பாரம் பின்னல் முழுவதிலும் பரவி நிற்கும். இரவு படுக்குமுன் அவிழ்த்து, சிக்கெடுத்து, பெட்டியில் வைத்துவிடுவார்கள். இன்றைய ஒட்டு முடி அப்படியல்ல. பத்து இருபது முடியைப் பிடித்து, அதன் வேரருகே பசையாலோ நூலாலோ பொருத்தி, வாரக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அத்தனை பாரமும் அந்தச் சில முடிகளின் வேரில் தொங்குகிறது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது யாருக்கும் இயல்பு. ஒட்டிய இடத்தில் உதிர்ந்த முடி கீழே விழ வழியில்லாமல் அங்கேயே சிக்கி, வேரடியில் முடிச்சாகிவிடும். சொந்த முடியோ மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒட்டு கீழே இறங்க இறங்க இழுப்பும் சிக்கும் கூடும். ஆகவே மாதக் கணக்கில் அப்படியே விட்டுவைக்கும் பொருள் அல்ல அது.

சரியாகப் பொருத்தவில்லை என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். வைத்த அன்றிரவே தலை வலித்துப் படுக்க முடியாது. நெற்றி ஓரத்துத் தோல் இழுத்துப் பிடித்தது போல இருக்கும். முடியின் வேரில் சிவந்தோ வெள்ளையாகவோ சிறு பொரிகள் கிளம்பும். "இரண்டு நாளில் பழகிவிடும்" என்று சொல்வார்கள். நம்பக் கூடாது, வலி என்றால் இழுப்பு என்றுதான் பொருள். முதலில் முடி குறைவது காதுக்கு மேலே பொட்டுப் பக்கமும் நெற்றி ஓரமும். அந்த நிலையிலேயே எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ஆண்டுக் கணக்கில் இழுபட்டால் அந்த இடம் நிரந்தர வழுக்கையாகிவிடக்கூடும் என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம்.

இனி சரக்கின் தரம். தோலை விரலால் தடவியே தரம் சொல்லும் ஆட்கள் நிறைந்த வட்டாரம் நம்முடையது. முடிக்கும் அந்த விரல் போதும். வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுவழுப்பும், நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் லேசான சொரசொரப்பும் இருந்தால் அது ஒரே தலையில் வெட்டி, திசை மாறாமல் கட்டிய முடி. ஏற்றுமதிக்காரர்கள் ரெமி என்பார்கள். திருத்தணியிலும் திருப்பதியிலும் காணிக்கையாக இறக்கும் நீள முடி பெரும்பாலும் இந்த வகை. திருமலை தேவஸ்தானம் அதை நீளவாரியாகப் பிரித்து இணைய வழி ஏலத்தில் விற்கிறது. சீப்பில் வரும் கழிவு முடியை வீடு வீடாக வாங்கிச் சேர்த்துச் செய்வது இன்னொரு வகை. அதில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். அமிலத்தில் மேல் செதிலை எடுத்து, சிலிக்கான் பூசிப் பளபளப்பாக்கி அனுப்புகிறார்கள். நாலு முறை அலசியதும் பூச்சு போய், சடை பிடித்துவிடும். மூன்றாவது நைலான் போன்ற செயற்கை இழை. ஒரு இழையைக் கொளுத்தினால் உருகி உருண்டையாகும், பிளாஸ்டிக் நாற்றம் வரும். அசல் முடி பொசுங்கிச் சாம்பலாகும். செயற்கை இழை விற்பதில் தவறே இல்லை. ஒரு நாள் விசேஷத்துக்கு அது போதும், விலையும் குறைவு. அதை அசல் முடி என்று சொல்லி விற்பதுதான் தவறு. அசல் என்று நம்பி வாங்கியவர் சூட்டு இஸ்திரி வைத்தால் உருகிப் பக்கத்து முடியோடு ஒட்டிக்கொள்ளும்.

சரக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிவது வியாபாரத்தில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2004-இல் நடந்ததைச் சொல்லலாம். யூதர்களில் ஆசாரமான குடும்பத்து மணமான பெண்கள் சொந்த முடியை மறைத்து விக் அணிவார்கள். இந்தியாவில் கோயிலில் இறக்கிய முடியால் செய்த விக் ஆகாது என்று ஜெருசலேமில் ராப்பி எல்யாஷிவ் அந்த ஆண்டு மே மாதம் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் குவித்து எரித்தார்கள். எங்கே வெட்டிய முடி என்பது ஒரே வாரத்தில் முதல் கேள்வியாகிவிட்டது. அவர்கள் சமய விதி நமக்குப் பொருந்தாது, ஆனால் அந்தக் கேள்வி நம் கல்லாவுக்கும் ஒருநாள் வரும்.

சட்டப்படி பார்த்தால் வந்தேவிட்டது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் விளையும் கேட்டுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளை விற்றால், விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குச் சேர்க்காமல் விட்டாலும் அப்படியே. பெயர், முகவரி, மாதம், வருடம், விலை எதுவும் இல்லாத பாலித்தீன் பையில் வரும் முடியையும் பசையையும் மலிவு என்று எடுப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பசைதான் இதில் ஆபத்து அதிகம். கறுப்புப் பசைகள் பலவற்றில் ரப்பர்ப் பால் கலந்திருக்கிறது. அது ஒத்துக்கொள்ளாத உடம்புக்குத் தலை முழுவதும் தடித்து, முகம்கூட வீங்கும். அசல் லேபிள் உள்ளதில், முன்நாளே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லி அச்சிட்டிருப்பார்கள். அதை எடுத்துச் சொல்ல நமக்கு அரை நிமிடம் ஆகுமா? புகாரோடு வந்தவரிடம் சண்டைக்கு நிற்காமல், "பிடித்து இழுக்காதீர்கள், கத்திரிக்காதீர்கள், எண்ணெய் தடவி ஊறவிட்டு மெதுவாகக் கழற்றுங்கள்" என்று சொல்லலாம். பொரி, வீக்கம், நீர் வடிதல் இருந்தால் வைத்தியம் சொல்வது நம் வேலையல்ல. அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும். கிளிப் முடி கேட்பவரிடம், முடி மெலிந்த இடத்தில் மாட்ட வேண்டாம், அதோடு படுக்க வேண்டாம் என்ற இரண்டு வார்த்தை போதும். இதனால் விற்பனை குறையும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: கிளிப் முடியைப் பற்றி எச்சரித்து அனுப்பிய பெண்கள், பாரமில்லாத மூன்று கால் சவுரியை வாங்கிக்கொண்டு போவதை நம் கடையில் அடிக்கடி பார்க்கிறோம்.

முகவரி இல்லாத பசைப் புட்டியை நம் கடையில் கொள்முதல் செய்வதில்லை. கேட்டு வரும் சில்லறைக் கடைக்காரர்கள் வேறு ஊரில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும். ஆகவே இது ஒரு கடையால் ஆகிற காரியம் அல்ல. அடுத்த செயற்குழுவில், லேபிள் இல்லாத முடிப் பொருளை நம் வட்டார மொத்தக் கடைகள் எடுப்பதில்லை என்று முடிவு செய்ய வேண்டும் என்பது நமது கோரிக்கை. பார்லர் நடத்தும் பெண்களையும் அழைத்து அன்றைக்கே உட்காரவைத்துப் பேசலாம். அவர்களும் நம்மிடம் வாங்குகிறவர்கள்தானே. கையிருப்பில் பழைய புட்டி வைத்திருப்பவர்கள் முகூர்த்தம் தொடங்குமுன் சப்ளையருக்குத் திருப்பி அனுப்பி, கணக்கில் வரவு வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் வாங்கியவர்களுக்கு அந்த வழியும் கிடையாது.