தள்ளுபடி வேண்டாம், கருவியைக் கொடு!

திருத்தணி முருகன் மலைக்குப் படி 365. ஆண்டுக்கு நாளும் 365. நாளுக்கு ஒரு படின்னு நம்ம ஊர்ப் பெரியவங்க கணக்குச் சொல்வாங்க. செல்போன் கம்பெனியோட கணக்கு வேற. அங்கே மாசம்னா 28 நாள். ஆண்டுக்கு 12 மாசம் கிடையாது, 13 ரீசார்ஜ்!

அந்த 13 ரீசார்ஜும் யார் காசு? நம் வீட்டு வாசலுக்கு வந்து பிரஷர் பார்க்கிற, சர்க்கரை பார்க்கிற, மாத்திரை கொடுக்கிற அக்காவை இன்னைக்கே கேட்டுப் பாருங்க.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதே கிடைத்தது. அந்தத் திட்டத்தைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக நடக்கும் பெண்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்த மாத ஊக்கத்தொகை எவ்வளவு தெரியுமா? 4,500 ரூபாய். மருந்துப் பையோடு வேலை முடியவில்லை. பார்த்ததை எல்லாம் ஆப்பில் ஏற்றணும்.

கிராம சுகாதார செவிலியருக்குப் பிக்மி பதிவு. கர்ப்பிணியின் அந்த எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலையணும். அங்கன்வாடிப் பணியாளருக்குப் போஷன் டிராக்கர். 2025 ஜூலை 1 முதல் சத்துணவுப் பொட்டலம் வாங்க வருகிற தாயின் முகத்தையும் போனில் படம் பிடித்துச் சரிபார்க்கணும். போன் சுத்திக்கிட்டே நின்னா, கைக்குழந்தையோடு அந்தத் தாயும் நிக்கணும். திட்டு வாங்குறது யாரு? டெல்லியில ஆப் எழுதினவனா? இல்ல, நம்ம அங்கன்வாடி டீச்சர்!

இந்த நிலைமையில்தான் செவிலியர் நாள் வந்தால் பேனர் தொங்குது: "சுகாதாரப் பணியாளர்களுக்கு மொபைலில் சிறப்புத் தள்ளுபடி!"

கடைக்காரர் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர் தன் லாபத்தில் விட்டுக்கொடுக்கிறார். கோபமெல்லாம் இந்தக் கணக்கு மேல்தான்:

10,000 ரூபாய் போனுக்குக் கடைக்காரர் 5 சதவீதம் குறைத்தால் 500 ரூபாய் மிச்சம். அதே போனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முழு விலைக்கு 1,800, குறைத்த விலைக்கே 1,710 ரூபாய். பாதி ஒன்றிய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. 2020 ஏப்ரல் 1-க்கு முன்பு இந்த வரி 12 சதவீதம்தான். கொரோனா ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள் கிடந்த நேரத்தில்தான் 18 ஆச்சு. மார்ச் 22-ஆம் தேதி மாலை 5 மணிக்குச் சுகாதாரப் பணியாளர்களுக்காகக் கைதட்டச் சொன்னாங்க. பத்தே நாளில் அவங்க போனுக்கும் வரி ஏறிச்சு. 2025 செப்டம்பரில் எத்தனையோ பொருளுக்கு வரி குறைஞ்சுது. போனுக்கு? அதே 18!

ரீசார்ஜைப் பாருங்க. 2024 ஜூலையில் ஜியோவில் 239 ரூபாய் பிளான் 299 ஆச்சு. 13 தடவைக்கு 3,887 ரூபாய். தொடக்கத்தில் கொடுத்த அந்த 4,500 ரூபாயோடு பார்த்தால் இது கிட்டத்தட்ட ஒரு மாத உழைப்பு!

இங்கிலாந்திலும் 'ப்ளூ லைட் கார்டு' காட்டினால் மருத்துவப் பணியாளர்களுக்குச் சலுகை உண்டேன்னு சிலர் கேட்கிறாங்க. இருக்கட்டும். சொந்தச் செலவுக்குச் சலுகை கொடுப்பது மரியாதை. வேலைக்கான கருவியைச் சொந்தக் காசில் வாங்க வைத்துவிட்டு, அதற்குச் சலுகைன்னு சொல்வது ஏமாற்று. பிரஷர் மெஷினைத் தள்ளுபடியில் நீயே வாங்கிக்கோன்னு எந்த நர்சம்மாவிடமாவது சொல்வீங்களா? அவங்க வேலையில் இன்றைக்குப் போனும் ஒரு பிரஷர் மெஷின்தான்.

போன் கொடுத்தால் மட்டும் போதுமா? மகாராஷ்டிராவைப் பாருங்க. 2021-இல் அங்கன்வாடிப் பெண்கள் அரசு கொடுத்த போன்களை மூட்டையாகத் திருப்பிக் கொடுத்துப் போராடினாங்க. 2 ஜி.பி. ராம், சூடாகிற போன், ஆங்கிலத்தில் ஆப். ஓட்டை வாளியைக் கொடுத்துத் தண்ணி எங்கேன்னு கேட்டால் எப்படி?

நம்ம திருத்தணிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ம.பொ.சி. தலைமையில் எல்லைப் போராட்டம் நடத்தி, 1960 ஏப்ரல் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது. எல்லையோரக் கிராமத்துக்குள் நடந்தால் போன் ஆந்திரா டவருக்குத் தாவும். அந்தப் பக்கம் நகரியில் இருக்கிற ஆஷா பணியாளருக்கு 2019-இலேயே மாதம் 10,000 ரூபாய்னு அம்மாநில அரசு உயர்த்திவிட்டது. வேலை அதே அளவல்ல, ஒப்புக்கொள்கிறோம். டவர் எல்லை தாண்டுது, நியாயம் மட்டும் ஏன் தாண்டக் கூடாது?

"அவங்க தன்னார்வலர்கள், ஊழியர் இல்லை" என்பார்கள். அங்கன்வாடிப் பெண்களுக்கும் இதே கதைதான் சொன்னாங்க. அவங்களுக்குப் பணிக்கொடை உண்டுன்னு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

நாம் கேட்பது இவ்வளவுதான்:

1. ஆப்பில் பதிவு செய்யச் சொல்கிற ஒவ்வொருவருக்கும் அரசே தரமான போன் கொடுக்கணும். பழுதானால் அரசே மாற்றித் தரணும்.

2. ஆண்டுக்கு 13 ரீசார்ஜும் அரசு செலவு.

3. ஆப் முழுக்கத் தமிழில் இருக்கணும். டவர் இல்லாத இடத்திலும் பதிவாகணும்.

4. சர்வர் படுத்தால் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. தாய்க்கு உணவும் மறுக்கக் கூடாது.

தோழர்களே, இந்தப் பதிவைப் பகிருங்கள். உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரிடம் பேசுங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். பெயரை மட்டும் போடாதீர்கள், அவர் வேலைக்கு வேட்டு வைத்துவிடாதீர்கள். பெயர் சொல்லிப் பேச வேண்டியது நாம்.

கைதட்டு போதும். கருவியைக் கொடு!

#தள்ளுபடி_வேண்டாம்_கருவியைக்_கொடு
#13_ரீசார்ஜ்_யார்_காசு