சொப்ட்வெயார் பழகினால் போதுமா?

"டிஜிட்டல் வேலைத்தளத்துக்குப் பொறியியல் மாணவர்களைத் தயார்படுத்தல்." இந்தத் தலைப்பில் நடக்கிற எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் ஒரே பட்டியலைத்தான் வாசிக்கினம். ஓட்டோகாட் தெரியவேணும், பைதன் தெரியவேணும், இப்ப புதுசா ஏஐ தெரியவேணும். பட்டியல் முடிய ஒரு சான்றிதழ் கோர்ஸின்ர விலையும் வரும்.

கலைப்பீடக்காரருக்கு இதில என்ன அலுவல் எண்டு கேட்பீங்கள். இருக்கு. பொறியியல் பீடத்துப் பெடியளும் பெட்டையளும் நாளைக்குக் கட்டப்போற சிஸ்டங்களுக்குள்ளதான் எங்கட அம்மா அப்பா வாழப்போகினம்.

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்பம். பொறியியல் பட்டம் நாலு வருசம். சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். அதுக்குக் கொஞ்சம் முன்னம் கம்பஸுக்குள் வந்த பச், படிச்சு முடிக்க முதலே வேலை செய்யிற முறை மாறத் தொடங்கிவிட்டது. எந்த மென்பொருளில் எந்த பட்டனை அமத்துவது என்று மட்டும் படிப்பித்தால், அந்தப் படிப்பு பட்டமளிப்பு விழா வரைக்கும்கூடத் தாங்காது.

தாங்கக்கூடியது எது? போயிங் 737 மக்ஸ் விமானத்தை எடுங்கோ. 2018 ஒக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் இரண்டு விமானங்கள் விழுந்து 346 பேர் செத்துப்போச்சினம். விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளுகிற ஒரு மென்பொருள், ஒரேயொரு சென்சரின் அளவீட்டை நம்பி இயங்கியது. சென்சர் பிழையாகச் சொல்ல, மென்பொருள் திரும்பத் திரும்பத் தள்ளியது. அப்படியொரு மென்பொருள் இருக்கு என்பதையே முதல் விபத்துக்கு முன்னர் விமானிகளுக்கு விளங்கப்படுத்தவில்லை. கோட் எழுதத் தெரியாததால் நடந்த விபத்தல்ல இது. "இந்த அளவீடு பிழைச்சால் என்ன நடக்கும், அதை ஆருக்குச் சொல்லவேணும்?" என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்காததால் நடந்தது.

தூரத்துக் கதை எண்டு விடவேண்டாம். 2022 யூலையில் வந்த எரிபொருள் கியூஆர் அட்டை வரிசையைக் குறைத்தது, அதை மறுக்கேல்லை. ஆனால் பதியப் போனால் முதலில் கேட்டது வாகன இலக்கமும் செஸி நம்பரும். வெங்காயத் தோட்டத்தில் தண்ணி இறைக்கிற மெசினுக்கு எங்க செஸி நம்பர்? கமக்காரரை ஒருக்கா நினைச்சுப் பார்த்திருந்தால் அந்தப் பெட்டி வேறமாதிரி இருந்திருக்கும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முழு நாடும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு என்றார் அமைச்சர். சனம் பகிடி பண்ணிச் சிரிச்சுது. பின்னால் இருந்த பொறியியல் காரணம்தான் முக்கியம். பாரமான டர்பைன்கள் சுழலும்போது, திடீர் அதிர்ச்சி வந்தாலும் அந்தச் சுழற்சி மின்தொகுதியைச் சில விநாடி தாங்கிப்பிடிக்கும். சூரியப் படலத்தில் சுழல்வது ஒண்டுமில்லை. வெயில் கூடின, மின்பாவனை குறைந்த ஒரு பகலில் தாங்குசக்தி குறைவாக இருந்தது. இதைத் தமிழில் நாலு வரியில் சனத்துக்கு விளங்கப்படுத்த ஏன் ஆரும் முன்வரேல்லை? பிறகு ஏப்ரல் விடுமுறைக்குக் கூரைப் படலங்களைப் பகலில் நிறுத்தச் சொன்னபோது, காரணம் தெரியாத சனம் எப்படி நம்பும்?

இது கலைப்பீடத்தின்ர ஆசை மட்டுமில்லை. பொறியியல் பட்டங்களைச் சர்வதேச மட்டத்தில் அங்கீகரிக்கிற வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014 முதல் முழு உறுப்பு நாடு. ஒழுக்கநெறி, சமூகப் பொறுப்பு, தொடர்பாடல் எல்லாம் அதிலும் பட்டதாரிக்கு வேண்டிய தகைமைகள். நேர அட்டவணையில் அவற்றுக்குக் கிடைக்கிற இடத்தை நீங்களே எண்ணிப் பாருங்கோ.

"வீட்டில கஷ்டம், முதல்ல வேலை, பிறகு சமூகம்" என்பது நியாயமான பதில். மகாபொல காசில் நாள் ஓட்டுகிறவரிடம் தத்துவம் பேச நாங்கள் வரேல்லை. சொப்ட்வெயாரும் வேணும். அதை ஒழுங்காகப் படிப்பிக்கிறது பல்கலைக்கழகத்தின் கடமை. லெப்டொப் இல்லாதவருக்கு இரவிலும் லெப் திறந்திருக்கவேணும். சீனியர்மாரின் குப்பி வகுப்பையும் காசு கட்டுகிற கோர்ஸையும் நம்பி மாணவரை விடுவது இலவசக் கல்வி இல்லை. அதோட, கணக்கைச் சரியாகப் போடத்தெரிந்தவரை விட, ஏஐ தந்த கணக்கு பிழை என்று கண்டுபிடித்து மேலதிகாரிக்குச் சொல்லத் துணிந்தவருக்குத்தான் இனி மதிப்பு. அதுவும் வேலைக்கான தகைமைதான்.

எங்கட கோரிக்கை பெரிசில்லை. இறுதி வருட ஒவ்வொரு புறொஜெக்டும் அதைப் பாவிக்கப்போகிற சனத்துக்கு முன்னால், அவர்களின் மொழியில், ஒருக்கா விளங்கப்படுத்தப்படவேணும். அவர்கள் கேட்கிற கேள்விக்கும் புள்ளி இருக்கவேணும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற பொறியியல் பீடமும் திருநெல்வேலியில் இருக்கிற கலைப்பீடமும் ஒரே பல்கலைக்கழகம்தான். ஒரு பஸ் போதும். நேர்காணல் எடுக்க, மொழிபெயர்க்க, சனத்திட்ட கேட்டு எழுத நாங்கள் வாறம். நீங்கள் எப்ப கூப்பிடப்போறீங்கள்?