முதல் பாடம் பட்டறையில்!

விஜயதசமி வந்துவிட்டால் பிள்ளைகளை மிருதங்கத்தின் முன் உட்கார வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. வெற்றிலை பாக்கு, பழத்தட்டு, குருவுக்கு வணக்கம். பிறகு 'தா, தீ, தொம், நம்' என்று நான்கே சொற்கள். வலந்தலையில் எந்த விரல் எங்கே விழவேண்டும், தொப்பியில் உள்ளங்கை எப்படிப் படியவேண்டும் என்று ஆசிரியர் காட்டுகிறார். அந்த நான்கு சொற்களையே முதற்காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று மாதக்கணக்கில் வாசித்தால்தான் கை பழகும். நல்ல முறைதான். குறை கூற நாம் வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி: அந்த மிருதங்கத்தைச் செய்தவர் யார் என்று பிள்ளைக்கு யாராவது சொன்னார்களா?

பலாமரத்தைக் குடைந்து கட்டை செய்ய வேண்டும். மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் பதப்படுத்தித் தட்டுகளாக வெட்ட வேண்டும். எருமைத் தோல் வாரால் இழுத்துக் கட்ட வேண்டும். வலந்தலையின் நடுவே உள்ள கறுப்பு வட்டம் தானாக வந்ததல்ல. கிட்டான் கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, படலம் படலமாகப் பூசி, கல்லால் தேய்த்து ஏற்றியது அது. சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் நாதம் கெட்டுவிடும். தேர்ந்த காது இல்லாதவனால் இது ஆகுமா?

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலைச் செய்து வருபவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். தோலைப் பதப்படுத்தினால் தீட்டாம். அதே தோலை மேடையில் வாசித்தால் தெய்வீகமாம்! இது என்ன நியாயம்?

1966ல் பாலக்காடு மணி ஐயருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. மகிழ வேண்டிய விசயம். ஆனால் அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தின் பெயரை எத்தனை ரசிகர்கள் அறிவார்கள்? 2020ல் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற நூலை எழுதிய பிறகுதான் இந்தக் குடும்பங்களின் கதை பலருக்குத் தெரிய வந்தது.

ஆகவே, கற்கத் தொடங்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான். முதல் மிருதங்கத்தை வாங்கப் பட்டறைக்கே போங்கள். செய்பவரின் பெயரைக் கேளுங்கள். மூட்டை மேலிருந்து தட்டினால் சுருதி ஏறுவதையும், கீழிருந்து தட்டினால் இறங்குவதையும், தொப்பியில் ரவை எவ்வளவு ஒட்டவேண்டும் என்பதையும் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. மாவட்ட இசைப்பள்ளிகளில் மிருதங்கம் வாசிக்கக் கற்பிக்கிறார்கள். அங்கே மிருதங்கம் செய்யும் கலையையும் பாடமாக்குங்கள். பட்டறைத் தொழிலாளியை ஆசிரியராக அமர்த்துங்கள். அவருடைய பிள்ளைகளையும் வாசிக்க அழையுங்கள்.

செய்கிற கைக்கும் வாசிக்கிற கைக்கும் நடுவே உள்ள சுவர் இடியட்டும். அன்றுதான் அந்த வாத்தியம் முழுச் சுருதி சேரும்.